காயலும் கழிவும்

நாலு பேர் கூடிய இடத்தில் பேசக் கூசுகிற விஷயங்கள் சில உண்டு. கடன் பாக்கி அவற்றில் ஒன்று, கக்கூஸ் மற்றொன்று. கடனையாவது கொடுத்தவர் வந்து நினைவூட்டுவார். பின்னதை நினைவூட்ட ஒருவரும் வருவதில்லை. கண்ணுக்கு மறைந்ததும் கணக்குத் தீர்ந்துவிட்டதென்று கருதிக் கையை அலம்பிக்கொண்டு வந்துவிடுகிறோம். குடும்பத்தோடு வாசிக்கும் பத்திரிகையில் இது என்ன பேச்சு என்று நேயர்கள் முகம் சுளிக்கவேண்டாம். குடும்பத்தோடு உல்லாசமாகப் போய்வரும் ஓர் இடத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறோம்.

விடுமுறை வந்தால் உதகை, கொடைக்கானல் என்று கிளம்பிய தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இப்பொழுது ஆலப்புழைக்கும் கிளம்புகின்றன. அங்குள்ள படகு வீடுகளே அதற்குக் காரணம். கேரளத்தின் மிகப் பெரிய ஏரி வேம்பநாட்டுக் காயல். பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் முதலிய ஆறுகள் மலையிலிருந்து இறங்கி வந்து அதில் கலக்கின்றன. அதை ஒட்டிய குட்டநாட்டில், கடல் மட்டத்துக்கும் தாழ்வான நிலத்தில் வரப்பு எழுப்பி, நீரை இறைத்துவிட்டு, நெல் விளைக்கிறார்கள். அந்த நெல்லைக் கொச்சிக்கு ஏற்றிச் சென்றவை கெட்டுவள்ளங்கள். ஆணி அடிக்காமல், ஆஞ்சிலிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. சாலையும் லாரியும் வந்த பிறகு அவற்றுக்கு வேலை இல்லாமற் போயிற்று. 1990-களில் அவற்றின்மேல் மூங்கிலும் பாயும் கொண்டு கூரை வேய்ந்து, படுக்கையறை, சமையலறை, குளிக்கும் அறை எல்லாம் அமைத்துப் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கினார்கள். நெல் மூட்டை கிடந்த இடத்தில் நாம் ஏறி உட்கார்ந்தோம்.

நெல் மூட்டைக்கும் நமக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. நெல் மூட்டை காலை எழுந்ததும் காப்பி கேட்பதில்லை. காப்பி குடித்தபின் வேறொன்றும் கேட்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன் நாமும் நம் சகதர்மிணியும் குழந்தைகளும் அத்தகைய படகு ஒன்றில் ஒரு பகலும் ஓர் இரவும் கழித்தோம். இரு கரையிலும் தென்னைகள். பச்சைப் பட்டு விரித்தாற்போல வயல்கள். படித்துறையில் பாத்திரம் தேய்க்கும் பெண்கள். இடுப்பளவு நீரில் நின்று குளிக்கும் சிறுவர்கள். வர்ணிக்கப் புகுந்தால் பக்கங்கள் போதா. மத்தியான்னச் சாப்பாட்டுக்கு இலை போட்டாயிற்று. அந்தச் சமயம் பார்த்து, ஒன்பது வயதான நம் இளைய மகள் குளிக்கும் அறையிலிருந்து வெளியே வந்து, “அப்பா, நம்ம வீட்டிலே தண்ணியைத் திறந்துவிட்டா சாக்கடைக்குப் போகும். இங்கே எங்கே போகும்?” என்று கேட்டாள்.

“சாப்பிடுகிற நேரத்திலே கேட்கிற கேள்வியைப் பாரு!” என்று அவள் தாயார் அதட்டினாள். ஆனால், கேள்வி கேட்கும் பிள்ளையை அதட்டி உட்காரவைப்பது உபாத்தியாயர் தொழிலுக்கு அடாத காரியம். ஆகவே அதே கேள்வியைப் படகோட்டியிடம் கேட்டோம். படகோட்டியை அந்தப் பக்கத்தில் ஸ்ராங்கு என்கிறார்கள். “டேங்க் உண்டு, சார்” என்று இரண்டே வார்த்தைகளில் பதில் சொல்லிவிட்டு அவர் சுக்கானைத் திருப்பிக்கொண்டார்.

மாலையில் படகைக் கரையோரம் கட்டியபின், நாம் பள்ளிக்கூட வாத்தியார் என்று தெரிந்ததும், ‘சார்’ போய் ‘மாஷே’ வந்தது. மலையாள நாட்டில் உபாத்தியாயருக்கு அந்தப் பட்டத்தின் மூலம் கிடைக்கும் மரியாதை கொஞ்சமல்ல. அவர் பின்தளத்திலிருந்த ஒரு பலகையைத் தூக்கிக் காண்பித்தார். உள்ளே ஒரு தொட்டி. அறைகளிலிருந்து வரும் குழாய் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை தொட்டிக்கும், மற்றொரு கிளை படகின் பக்கவாட்டிலிருந்த துவாரத்துக்கும் போயிற்று. பிரியும் இடத்தில் ஒரு வால்வு. அதற்கு நம் கட்டைவிரல் நீளத்தில் ஒரு கைப்பிடி.

“இப்படி இருந்தால் தொட்டிக்கு, மாஷே. அப்படித் திருப்பினால் காயலுக்கு. நம்ம படகில் திருப்புவதில்லை” என்றார். சற்று நேரம் கழித்து, “ஆனால் திருப்பினால் யாருக்குத் தெரியும்?” என்றும் சொன்னார்.

இந்த விஷயத்திலுள்ள சிக்கல் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நமக்குப் பழக்கமான வேலை அது. மூன்று படுக்கையறைகள் உள்ள படகில் பிரயாணிகள் ஆறு பேர், வேலைக்காரர்கள் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு நாளில் ஐந்து தடவை தண்ணீர் திறந்துவிடுகிறார். ஒரு தடவைக்கு 6 லிட்டர் செலவாகிறது. ஒன்பது பேருக்கு 270 லிட்டர். படகில் ஆயிரம் லிட்டர்த் தொட்டி இருந்தால் நாலாம் நாள் முடிவதற்குள் அது நிரம்பிவிடும். நிரம்பிய தொட்டியை என்ன செய்வது? கழிவை இறைத்துச் சுத்திகரிக்கும் நிலையத்துக்குப் படகைக் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பணம் கொடுக்கவேண்டும். டீஸல் செலவழிக்க வேண்டும். ஒருவேளை வரிசையிலும் நிற்கவேண்டும். அந்த நேரத்தில் அடுத்த குடும்பத்தை ஏற்றிக்கொள்ள முடியாது. கட்டைவிரல் நீளக் கைப்பிடியைத் திருப்புவதற்கோ காலணாச் செலவில்லை. நடு ராத்திரியில் திருப்பினால் காயலைத் தவிர வேறு சாட்சியும் இல்லை.

திருப்பினால் என்ன ஆகும்? அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் இந்த அற்பம் கரைந்து போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. கடலாக இருந்தால் அந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கப்பல்களுக்கான சர்வதேச ஒப்பந்தமே அந்த நியாயத்தை ஓரளவு ஒப்புக்கொள்கிறது. ‘மார்ப்பால்’ எனப்படும் அந்த ஒப்பந்தத்தில் மலஜலக் கழிவு பற்றிய நான்காம் அனுபந்தம் 2003-ல் அமலுக்கு வந்தது. நாடு விட்டு நாடு போகும் கப்பல்களில் 400 டன்னும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கும், பதினைந்து பேருக்கு மேல் ஏற்றிச் செல்பவற்றுக்கும் அது பொருந்தும். நொறுக்கிக் கிருமி நீக்கிய கழிவைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால்தான் விடலாம். அப்படிச் செய்யாத கழிவானால் 12 கடல் மைலுக்கு அப்பால் போகவேண்டும். அங்கேயும் தொட்டியை ஒரே மூச்சில் கவிழ்த்துவிடக் கூடாது. கப்பல் மணிக்கு 4 கடல் மைலுக்குக் குறையாத வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கையில் சிறுகச் சிறுக விடவேண்டும். ஆழமும் அலையும் உப்பும் சேர்ந்து கிருமிகளை அழிக்கட்டும் என்பதே கருத்து.

காயலில் அந்த ஆழமும் இல்லை, அலையும் இல்லை. படகு போகும் வாய்க்கால்களில் இரு கரையிலும் வீடுகள். 12 மைல் இருக்கட்டும், 12 கஜம்கூட விலக இடமில்லாத இடங்கள் பல. போதாததற்கு, கடல் உப்பு வயலுக்குள் ஏறாமலிருக்கத் தண்ணீர்முக்கத்தில் 1970-களில் கட்டி முடித்த ஒரு தடுப்பணை இருக்கிறது. கோடைக்கு முன்பிருந்தே சில மாதங்கள் அதன் கதவுகளை அடைத்து வைப்பார்கள். பயிருக்கு அது அவசியம். ஆனால் அந்த மாதங்களில் கடல் ஏற்றவற்றம் உள்ளே வந்து காயலை அலசிவிட்டுப் போவதும் நின்றுவிடுகிறது. தென்பகுதி ஒரு பெரிய குளம்போல் ஆகிவிடுகிறது. பிரயாணிகள் திரளாக வரும் குளிர்காலமும் இந்த அடைப்புக் காலத்தோடு சேர்ந்தே வருகிறது.

அந்தக் குளத்தில் விட்டது எங்கே போகும்? மனிதக் குடலில் வாழும் கோலிஃபார்ம் கிருமிகளை எண்ணித்தான் தண்ணீரின் சுத்தத்தை அளக்கிறார்கள். குளிப்பதற்கு ஏற்ற தண்ணீரில் 100 மில்லி லிட்டருக்கு இத்தகைய கிருமிகள் 500-க்குள் இருப்பது நலம், 2,500-ஐ ஒருக்காலும் தாண்டக் கூடாது என்பது நம் தேசத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த அளவு. குடிதண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. காலரா, டைபாய்டு, சில வகை மஞ்சள் காமாலை, குழந்தைகளை வாட்டும் பேதி எல்லாம் மலம் கலந்த நீரின் வழியாகவே பரவுகின்றன. கழிவிலுள்ள சத்தோ ஆகாயத்தாமரைக்கு உரமாகிறது. அது அடர்ந்து படர்ந்து, பிறகு அழுகி, நீரிலுள்ள பிராணவாயுவை உண்டுவிடுகிறது. மீன் மூச்சுத் திணறுகிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும். வேம்பநாட்டில் கக்கா என்னும் கறுப்புச் சிப்பியை அள்ளிப் பிழைக்கும் ஏழைகள் ஏராளம். அந்தச் சிப்பி தண்ணீரை உள்ளே இழுத்து வடிகட்டித்தான் இரை தேடுகிறது. தண்ணீரில் இருப்பது சிப்பியில் தங்கும்; சிப்பியில் தங்கியது சட்டிக்கு வரும்; சட்டியிலிருந்து தட்டுக்கு வரும். பிரயாணி தாம் அனுப்பியதைத் தாமே காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறார் என்று சொன்னால் அதை வெறும் பரிகாசமென்று தள்ளிவிட முடியாது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. வேண்டிய அளவுக்கு இருக்கிறது. 1974-ல் நிறைவேறிய தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம், ஆறு, ஏரி, கிணறு எதிலும் அறிந்து அசுத்தத்தை விடலாகாது என்கிறது. உள்நாட்டு நீர்வழியில் ஓடும் படகுகளுக்கு, வெள்ளையர் ஆட்சியில் 1917-ல் எழுதிய சட்டமே நூறு வருஷத்துக்கு மேல் ஒட்டுப் போட்டுக்கொண்டு நடமாடிற்று. 2021-ல் நம் பார்லிமெண்டு அதை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் செய்தது. படகுகள் நீரை அசுத்தப்படுத்துவதைத் தடுக்க அதில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. வேம்பநாடு 2002-ல் ராம்ஸார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலையாகவும் ஏற்கப்பட்டது. படகுகளின் கழிவை இறைத்துச் சுத்திகரிக்க நிலையமும் வைத்தார்கள்.

இந்த விதியெல்லாம் மேனாட்டார் கற்றுக்கொடுத்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினெண்கீழ்க்கணக்கில் ஆசாரக்கோவை என்று ஒரு நூல் இருக்கிறது. பரீட்சைக்குப் பெயரை மட்டும் ஒப்பித்துவிட்டு மறந்துவிடுகிறோம். மல ஜலம் கழிக்கலாகாத பத்து இடங்களை அது வரிசையாகச் சொல்கிறது. பயிர் நிற்கும் நிலம், வழி, நிழல், கோயில் ஆகியவற்றோடு நீர்த்துறையும் அதில் ஒன்று. எச்சில் உமிழ்வதும் கூடாதாம். சர்வதேச ஒப்பந்தம் எச்சில் வரையில் இன்னும் போகவில்லை!

விதி பழமையானது, சட்டம் புதியது, இரண்டும் தெளிவானவை. பின் எங்கே கோளாறு? நம் ஸ்ராங்கு சொன்ன இடத்தில்தான் கோளாறு. விளக்கில்லாமல் வண்டி ஓட்டினால் தெருவே பார்க்கும். இங்கே விதியை மீறுபவனும் காப்பவனும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே மிதக்கிறார்கள். அது மட்டுமல்ல, மீறுபவனுக்குச் செலவு குறைவு. அவன் வாடகையைக் குறைத்துச் சொல்லலாம். குறைந்த வாடகையைத் தேடிக்கொண்டு வருகிறவர்கள் யார்? நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள். ஆகவே நேர்மையான படகுக்காரர் தொட்டிச் செலவை மட்டுமல்ல, நாம் அடுத்த படகுக்குப் போய்விடும் நஷ்டத்தையும் சுமக்கிறார். பேரம் பேசி இருநூறு ரூபாய் குறைத்துவிட்டதாக நாம் மகிழ்ந்து போகையில், அந்த இருநூறு ரூபாயைக் காயல் கொடுத்ததா, படகுக்காரர் கொடுத்தாரா என்று யோசிப்பதில்லை.

அன்று ஸ்ராங்கிடம், “மற்றவர்கள் திருப்பும்போது நீங்கள் மட்டும் ஏன் திருப்புவதில்லை?” என்று கேட்டோம். தர்மம், சட்டம் என்று ஏதாவது சொல்வாரென்று எதிர்பார்த்தோம். அவர் எதிர்க்கரையைச் சுட்டிக் காட்டினார். “மூன்று வாய்க்கால் தள்ளி நம்ம வீடு, மாஷே. குடிக்கிற தண்ணீரை விலைக்கு வாங்குகிறோம். பாத்திரம் கழுவ, குளிக்க, துணி துவைக்க எல்லாம் இதுதான். நீங்கள் நாளைக்குப் போய்விடுவீர்கள்” என்றார்.

கடைசி வாக்கியத்தில் குற்றம் சாட்டும் தொனி சிறிதும் இல்லை. உள்ளதைத்தான் சொன்னார். நாற்புறமும் தண்ணீர் நிற்கும் ஊரில் குடிதண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் நிலை குட்டநாட்டுக்கு வந்திருக்கிறது.

படகுக்காரர் சங்கத்தார் இதைப் படித்தால், “பழியெல்லாம் எங்கள் தலையில்தானா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானதே. காயலைக் கெடுப்பவை படகுகள் மாத்திரம் அல்ல. கரையிலுள்ள ஊர்களின் சாக்கடைகள், சரியான தொட்டி இல்லாத வீடுகள், வயல்களிலிருந்து வடியும் உரமும் பூச்சிமருந்தும், ஆறுகள் வழியெல்லாம் வாரிக்கொண்டு வரும் அழுக்கு ஆகிய எல்லாம் அதிலேதான் வந்து சேருகின்றன. ஆனால் ஊர்ச் சாக்கடையைச் சீர்திருத்தக் கோடிக்கணக்கில் பணமும் பல வருஷங்களும் வேண்டும். படகின் கழிவோ முன்பே ஒரு தொட்டியில் அடைபட்டிருக்கிறது; அதைத் திறந்துவிடாமல் இருந்தால் போதும். கஷ்டமான காரியம் நடக்கும் வரையில் சுலபமான காரியத்தையும் நிறுத்தி வைப்போம் என்பது வாதமாகாது. அடுத்த வகுப்புப் பையன்கள் வீட்டுப் பாடம் எழுதவில்லை என்று சொல்லி நம் வகுப்பில் யாரும் தப்பித்ததில்லை.

ஆனால் உபதேசத்தினால் மட்டும் வால்வு திரும்பாமல் இருந்துவிடாது. கண்ணுக்குத் தெரியாத விதியைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்யவேண்டும். அமெரிக்க நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை விடலாகாது என்பது அங்கே சட்டம். வெளியிலிருந்து படகுகள் வந்து போக வழியில்லாத நன்னீர் ஏரிகளில், சுத்திகரித்ததைக்கூட விடக் கூடாது. அத்தகைய நீரில் இருக்கையில், வெளியே திறக்கும் வால்வை மூடி வைத்தால் மட்டும் போதாது. அதற்குப் பூட்டுப் போடவேண்டும். அல்லது அறுத்தாலொழிய அவிழாத கட்டுப் போடவேண்டும். அல்லது கைப்பிடியையே கழற்றி எடுத்துவிட வேண்டும். சோதனை செய்பவர் கழிவைத் தேடி நீரில் இறங்கவேண்டியதில்லை. பூட்டு இருக்கிறதா என்று பார்த்தால் முடிந்தது. நம் மின்சார மீட்டருக்கு ஈய முத்திரை வைப்பதுபோன்ற சாதாரண ஏற்பாடுதான் இது. ஒரு பூட்டின் விலை என்ன?

இதனோடு இன்னும் இரண்டு சேரவேண்டும். கழிவை இறைக்கும் நிலையங்கள் படகு கட்டும் துறைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். பழுதாகி நின்றால் மறுநாளே ஓடவேண்டும். நிலையம் வெகு தூரத்திலோ பழுதாகியோ இருக்கும்போது சட்டத்தைக் காட்டி மிரட்டுவது, கிணற்றை மூடிவிட்டுத் தாகத்துக்கு அபராதம் போடுவது போலாகும். இரண்டாவதாக, இறைக்கும் கூலியைத் தடவைக்கு இவ்வளவு என்று வாங்குவதைவிட, லைசென்ஸ் கட்டணத்தோடு சேர்த்து வருஷத்துக்கு ஒரே தொகையாக எல்லாப் படகுகளிடமும் வாங்கிவிடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. கொடுத்த பணத்துக்கு வேலை வாங்கவேண்டும் என்ற ஆசையினாலேயே படகுகள் நிலையத்துக்கு வந்து சேரும். கைப்பிடியைத் திருப்பி மிச்சப்படுத்த ஒன்றும் இராது.

இவையெல்லாம் ஸர்க்காரும் படகுக்காரர்களும் செய்யவேண்டியவை. நம் பங்கு ஒன்று இருக்கிறது. படகை வாடகைக்குப் பேசும்போது நாம் என்னென்ன கேட்கிறோம்? குளிர்சாதனம் உண்டா, கட்டில் பெரிதா, சாப்பாட்டுக்கு என்ன, குழந்தைக்கு அரைக் கட்டணமா என்று கேட்கிறோம். அவற்றோடு மூன்று கேள்விகள் சேர்த்துக்கொள்வோம். கழிவுத் தொட்டி இருக்கிறதா? கடைசியாக எப்போது இறைத்தீர்கள், ரசீது இருக்கிறதா? வெளியே போகும் வால்வுக்குப் பூட்டு இருக்கிறதா? பத்துப் படகுகளில் ஒன்பது முதலில் விழிக்கும். நூறு குடும்பங்கள் கேட்டபின் விழிக்காது. கூரையின்மேல் பலகையில் பெரிதாக எழுதியே வைத்துவிடுவார்கள். வியாபாரிக்கு வாடிக்கைக்காரர் கேள்வியைவிடப் பலமான சட்டம் கிடையாது. படகில் ஏறியபின் இன்னொரு சிறு கடமை உண்டு. தண்ணீரைக் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். துணி, காகிதம், பிளாஸ்டிக் எதையும் அந்தப் பீங்கானில் போடாதீர்கள். தொட்டி எவ்வளவு தாமதமாக நிரம்புகிறதோ, கைப்பிடியைத் திருப்பும் சபலமும் அவ்வளவு தாமதமாக வரும்.

நம் வகுப்பில் பிள்ளைகளுக்குக் குடிமைப் பயிற்சிப் பாடம் நடத்துகையில், ஓட்டுப் போடுவது, வரி செலுத்துவது, சாலையில் இடப்பக்கம் போவது என்று கடமைகளை அடுக்குகிறோம். எல்லாம் நாலு பேர் பார்க்கச் செய்யும் கடமைகள். யாரும் பாராத இடத்தில், இனி ஒருபோதும் சந்திக்கப் போகாத மனிதர்களுக்குச் செய்யவேண்டிய கடமையைப் பற்றிப் பாடப்புத்தகம் அதிகம் பேசுவதில்லை. நம் மகளுடைய கேள்விக்கு விடை அந்தப் பாடத்தில்தான் இருக்கிறது. “இங்கே எங்கே போகும்?” என்பது வெறும் குழாய் விஷயமல்ல. நாம் விட்டுச் செல்வது யார் வீட்டுப் படித்துறைக்குப் போய்ச் சேருகிறது என்பதே அது.

ஆலப்புழைக்கு அவசியம் போய்வாருங்கள். போகவேண்டாமென்று சொல்ல இவ்வளவு எழுதவில்லை. அங்குள்ள ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நம் வருகையால் பிழைக்கின்றன. ஆனால் வாடகை பேசுமுன் தொட்டியைப் பற்றிப் பேசிவிடுங்கள். கூச்சம் சற்று நேரத்துக்குத்தான்; தண்ணீர் அவர்களுக்கு வருஷம் முழுவதும் வேண்டும்.